உரிமம் இருக்கிறது; ஓட்டத் தெரியுமா?

பிழைப்பைத் தேடிக் கடல் கடப்பது இராமநாதபுரக் கடற்கரைக்குப் புதியதன்று. கீழக்கரையும் பெரியபட்டினமும், தேவிபட்டினமும் தொண்டியும், வேதாளையும் பனைக்குளமும் தலைமுறை தலைமுறையாகச் சபுராளிகளை வழியனுப்பிப் பழகிய ஊர்கள். கொழும்பு, இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்றிருந்த பெயர்களோடு 1970-களுக்குப் பின்னர் துபாய், ஜித்தா, ரியாத், தோஹா, குவைத் என்னும் பெயர்களும் சேர்ந்தன. ஊர்கள் மாறினவே தவிரப் பயணம் நிற்கவில்லை. ஆனால், பயணம் புறப்படுமுன் ஒரு மனிதன் எதைக் கற்றிருக்க வேண்டும் என்பது பற்றிய நம்மவரின் எண்ணம் மட்டும் தலைகீழாகிவிட்டது. இதைச் சொல்வதால் சிலருக்கு மனவருத்தம் ஏற்படலாம். சொல்லாமல் விடுவதால் விளைகின்ற துன்பம் அதனினும் பெரிது. ஆகவே சொல்கிறோம்.

மகன் பள்ளிப் படிப்பை முடித்தானோ இல்லையோ, வீட்டில் பாஸ்போர்ட் பேச்சு எழுகிறது. அடுத்து விசா. அதற்கிடையே, "எதற்கும் இருக்கட்டும்" என்று ஓர் ஓட்டுநர் உரிமம். இந்த "எதற்கும் இருக்கட்டும்" என்னும் இரு சொற்களில்தான் நோயின் வேர் இருக்கிறது. உரிமம் என்பது, இவனுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று அரசு ஊருக்கு அளிக்கும் சாட்சியம். ஓட்டத் தெரியாதவன் கையிலிருக்கும் உரிமம் பொய்ச் சாட்சியம். பொய்ச் சாட்சியம் எத்தகைய பாவம் என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், கடையில் எடை குறைந்தால் சீறுகின்ற நல்லவர்களும்கூட, இந்தப் பொய்ச் சாட்சியத்தைத் தரகரிடம் பணம் கொடுத்து வாங்குவதில் கூச்சம் கொள்வதில்லை. என்னே விந்தை!

ஆவணமும் அறிவும்

அயல்நாட்டில் வாழ்பவன் யார்? ஊரிலே ஒருவன் இடறினால் அவனுக்காகப் பேச வாப்பா இருக்கிறார், மாமா இருக்கிறார், ஜமாஅத் பெரியவர்கள் இருக்கிறார்கள். தெருமுனைக் கடைக்காரர்கூட, "இவன் இன்னார் மகன்" என்று முன்வந்து சொல்வார். அயல்நாட்டிலோ அவனுக்காகப் பேசுபவை இரண்டே. ஒன்று, சட்டைப் பையிலிருக்கும் ஆவணம். மற்றொன்று, அவனிடமுள்ள அறிவு.

ஆவணம் பிறர் தருவது. தந்தவரே பறித்துக்கொள்ளவும் கூடியது. இதை நம் கடற்கரை பட்டறிந்திருக்கிறது. 1948-இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, அங்கே கடை வைத்திருந்த நம்மவர் பலர் அந்நியர் வரிசையில் நிறுத்தப்பட்டனர். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறுவது அடுத்த தெருவுக்குப் போவதுபோல் இருந்த காலம் போய், விசாவும் வதிவிட அனுமதியும் கேட்டு நிற்கும் காலம் வந்தது. பர்மாவில் 1962-இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1964-இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. பல்லாண்டு உழைப்பை அங்கேயே விட்டுவிட்டு இந்தியர்கள் கூட்டங்கூட்டமாகத் திரும்பினர். மலேசியாவிலும் 1969-ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின்னர், குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. சீட்டைக் கிழிக்கலாம், கடையைப் பூட்டலாம். இரத்தினக் கல்லின் நீரோட்டம் பார்த்து விலை மதிக்கத் தெரிந்த கீழக்கரை வியாபாரியின் கண்ணை எந்த அரசு பறிக்க முடியும்?

இன்றைய வளைகுடா வாழ்க்கையில் ஆவணத்தின் ஆட்சி இன்னும் கடுமையானது. சவூதியில் இக்காமா, அமீரகத்தில் எமிரேட்ஸ் அடையாள அட்டை. இவையின்றி வங்கிக் கணக்கில்லை. முறையான வாடகை இடமில்லை. உரிமத்திற்கு மனுச் செய்யவும் வழியில்லை. அடுக்குக் கட்டில்கள் இட்ட அறையில் ஓர் இடம், மெஸ் சாப்பாடு, விடுமுறை நாளில் ஊரோடு பேச்சு என்று நாள் கழிகிறது. ஊரிலுள்ளவர்கள் பார்ப்பது வானளாவிய கட்டடத்தின் முன்னே நின்று அவன் அனுப்பிய படத்தை. ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கையொப்பமிட்ட அவனது திகைப்பு எந்தப் படத்திலும் வருவதில்லை.

அந்நாட்டுச் சாலைச் சந்திகளில், சிவந்த எண்கோணப் பலகையின்மீது அரபியில் "கிஃப்" என்று எழுதியிருக்கும். "நில்" என்பது அதன் பொருள். ஐந்து வயதிலே மக்தபுக்குப் போய் அலிஃப், பே ஓதிய நம் பிள்ளை அவ்விரண்டு எழுத்துகளையும் கூட்டிப் படித்துவிடுவான். பொருள்தான் தெரியாது. தமிழையே அரபு எழுத்தில் எழுதி, அரபுத்தமிழ் என்றொரு மரபைக் கண்ட சமுதாயத்தின் பிள்ளை, "நில்" என்னும் சொல்லைப் பிழையின்றி ஓதிக்கொண்டே நிற்காமல் போய்விடுகிறான்! இது நகைப்புக்குரிய செய்தியன்று. அந்தச் சந்தியின் குறுக்கே வரும் வண்டி அவனது அறியாமைக்காக வேகத்தைக் குறைத்துக்கொள்ளாது.

இடமும் வலமும்

வளைகுடாவில் உரிமம் ஆடம்பரப் பொருளன்று. கடைச் சிப்பந்தி உரிமம் பெற்றால் வேன் ஓட்டிச் சரக்கு விற்பவனாகிறான். உணவுப் பொட்டலம் கொண்டுசெல்பவனுக்கு உரிமமே அன்றாடக் கூலி. சவூதியில் "ஹவுஸ் டிரைவர்" என்று போகிறவனுக்கோ அதுவே உத்தியோகம். ஆகவே உரிமம் வேண்டும் என்று அவன் துடிப்பதில் தவறில்லை. எவ்வாறு பெறப் போகிறான் என்பதே கேள்வி.

துபாயை எடுத்துக்கொள்வோம். பல நாடுகளின் உரிமத்தை, கண் சோதனை மட்டும் செய்துகொண்டு, பாடமோ தேர்வோ இன்றி அமீரக உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். சுவீடன் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தியா இல்லை. இந்தியன் பயிற்சிப் பள்ளியில் பெயர் பதிந்து, வகுப்பில் அமர்ந்து, விதிகளைப் பற்றிய தேர்வு, வண்டியை ஒழுங்காக நிறுத்திக் காட்டும் தேர்வு, சாலைத் தேர்வு ஆகியவற்றைக் கடக்க வேண்டும். விதிகள் பற்றிய தேர்வைத் தமிழிலேயே எழுதும் வசதி உண்டு. ஊரில் உரிமம் பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தால் பயிற்சி மணி நேரத்தில் சலுகையும் உண்டு. 2023-இல், சொந்த நாட்டு உரிமம் உடையவர் வகுப்பின்றி நேரே ஒரே ஒருமுறை தேர்வுக்குச் செல்லலாம் என்னும் வாய்ப்பும் துபாயில் அறிவிக்கப்பட்டது. அதில் தோற்றவன் வகுப்புக்கே திரும்ப வேண்டும். ஊர் உரிமத்திற்கு மெய்யான மதிப்பிருக்குமானால், அதை நிலைநாட்ட அந்த ஒரு வாய்ப்பே போதுமன்றோ?

நிலைமை அப்படியில்லை. இந்தியாவில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றிலும் அவ்வாறே. ஆதலால் நம் முன்னோர் போன நாடுகளில் இந்தத் தொல்லை பெரிதாக எழவில்லை. வளைகுடாவிலோ வலப்பக்கம் ஓட்ட வேண்டும். சாலை வட்டத்தில், உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவனுக்கு வழிவிட்டுத்தான் வெளியிலிருப்பவன் நுழைய வேண்டும். தடம் மாறுமுன் கண்ணாடியைப் பார்க்க வேண்டும்; தோளைத் திருப்பியும் பார்க்க வேண்டும். ஹாரனை அடித்து வழி கேட்கும் பழக்கம் அங்கே செல்லாது. ஊரில் இவற்றைக் கேள்விப்படாதவன் சாலைத் தேர்வில் தோற்கிறான். மறுபடியும் வகுப்பு, மறுபடியும் கட்டணம், மறுபடியும் தோல்வி. ஒவ்வொரு தோல்வியின் கட்டணமும், ஊரிலே அடகுக் கடையில் இருக்கும் நகை மீளும் நாளைத் தள்ளிப் போடுகிறது.

தோலின் நிறமா காரணம்?

"வெள்ளைக்காரனுக்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதியா?" என்று நம்மவர் குமுறுகிறார்கள். இந்தக் குமுறலில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். முப்பதாண்டு விபத்தின்றி லாரி ஓட்டிய இந்தியனை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, நேற்று உரிமம் பெற்ற ஐரோப்பிய இளைஞனை நேரே சாலைக்கு அனுப்புவது நீதியாகாது. நாட்டைப் பார்த்து ஆளை மதிக்கும் எந்த முறையும் சில தனிமனிதருக்குக் கொடுமை இழைக்கவே செய்யும்.

ஆனால் குமுறி முடித்த பின்னர், சுவீடன் தன் வாசலில் வந்து நிற்கும் அந்நியரை எவ்வாறு நடத்துகிறது என்பதையும் பார்ப்போம். இந்திய உரிமத்தோடு அங்கே குடியேறுபவர், குடியிருப்புப் பதிவாகி ஓராண்டு வரை அதைக் கொண்டு ஓட்டலாம். அதன் பின்னர் அது செல்லாது. புதிதாகத் தேர்வெழுதியே பெற வேண்டும். கணிப்பொறி வல்லுநருக்கும் இதே சட்டம். கண் மருத்துவருக்கும் இதே சட்டம். அமெரிக்கருக்கும் இதே சட்டந்தான் என்பதை நம்மவர் கவனிக்க வேண்டும். ஆசியாவைச் சேர்ந்த ஜப்பானியரோ உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம். அங்கே நிறம் பேசவில்லை. உரிமத்தின் பின்னாலிருக்கும் பயிற்சி பேசுகிறது.

அப்பயிற்சி எத்தகையது? பதினாறு வயது நிரம்பிய பிள்ளை வீட்டிலேயே ஓட்டிப் பழகலாம். ஆனால் கற்பிப்பவருக்கு 24 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஐந்தாண்டேனும் உரிமம் வைத்திருந்தவராக இருக்க வேண்டும். கற்பிப்பவரும் கற்பவரும் இருவருமே முதலில் ஓர் அறிமுக வகுப்புக்குச் சென்று வர வேண்டும். தந்தையும் மகனும் ஒரே வகுப்பில் பாடம் கேட்கும் நாடு அது! அதன்பின், போதை, அயர்வு போன்ற அபாயங்களைப் பற்றி ஒரு வகுப்பு. வழுக்கும் தளத்தில் வண்டி எவ்வாறு கைமீறிப் போகிறது என்பதை நேரில் உணர்த்த இன்னொரு வகுப்பு. எழுத்துத் தேர்வில் மதிப்பெண்ணுக்குரிய 65 வினாக்களில் 52-க்குச் சரியான விடை எழுத வேண்டும். இவையனைத்தும் முடிந்தபின்தான் சாலைத் தேர்வு.

இன்னொன்றும் சொல்வோம். சுவீடன் மக்களும் ஒரு காலத்தில் நம்மைப் போல் இடப்பக்கம் ஓட்டியவர்களே. 1955-இல் நடந்த வாக்கெடுப்பில் மிகப் பெரும்பான்மையோர் வலப்பக்கம் மாறுவதை எதிர்த்தனர். அண்டை நாடுகள் வலப்பக்கம் ஓட்டியதால் மாற்றம் தவிர்க்க இயலாதது என்று நாடாளுமன்றம் 1963-இல் முடிவு செய்தது. நான்காண்டு ஏற்பாடுகளுக்குப் பின், 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சாலையிலிருந்த வண்டிகள் நின்றன. மெல்ல வலப்பக்கம் நகர்ந்தன. ஐந்து மணிக்கு மீண்டும் ஓடத் தொடங்கின. வானொலியிலும் பள்ளியிலும் தெருவிலும் பாடம் நடத்தி, ஒரு நாடே மாணவனாக அமர்ந்து பக்கம் மாறக் கற்றுக்கொண்டது. ஒரு தேசம் நான்காண்டு ஆயத்தம் செய்து கடந்த அந்த இடைவெளியை, நம் வீட்டுப் பிள்ளை விமானத்தில் நான்கு மணி நேரம் தூங்கி எழுந்து கடந்துவிடுவான் என்று எண்ணுகிறோமே, இது அறிவுடைமையா?

நம் நாட்டுச் சட்டம் குறைவானதன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பழகுநர் உரிமம் பெற்று, குறைந்தது 30 நாள் பழகிய பின்னரே தேர்வுக்குச் செல்ல முடியும். அந்த முப்பது நாளில் நம்மவரில் எத்தனை பேர் மெய்யாகப் பழகுகிறார்கள்? "எட்டுப் போட்டால் போதும்" என்பதே நம் ஊர்களில் ஓட்டுநர் கல்வியின் தொடக்கமும் முடிவுமாக இருக்கிறது. எட்டுப் போடவும் வேண்டாம், ஆளைப் பிடித்தால் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். எந்த ஓர் அலுவலகத்தையும் நோக்கி நாம் விரல் நீட்டவில்லை. வாங்குபவன் இல்லையேல் விற்பவன் இல்லை என்பதை மட்டுமே சொல்கிறோம்.

விளைவைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அதே ஆண்டில் சுவீடனில் மாண்டவர்கள் 250-க்கும் குறைவு. மக்கள் தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டாலும் நம் இழப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. நம் சாலைகளும் வண்டிகளும் சட்டத்தை நடத்தும் முறையும் இதற்குக் காரணங்களாகும். கற்காமல் பெற்ற உரிமமும் அவற்றுள் ஒன்று. நம் உரிமத்தின் மதிப்பைக் கெடுத்தவன் துபாய்க்காரனல்லன். நம் ஊரிலே அதைக் காசுக்கு வாங்கியவன். கற்று வாங்கிய நேர்மையாளனையும் அவனே தலைகுனிய வைக்கிறான்.

வயிற்றைக் காட்டும் வாதம்

"ஏழைக் குடும்பம், வயிறு காத்திருக்குமா? போன இடத்தில் கற்றுக்கொள்வான்" என்று வாதிடுவோர் உண்டு. ஏழ்மையின் கொடுமையை நாம் அறியாதவர்களல்லர். வானம் பார்த்த பூமி. கடலும் கை விரிக்கும் நாள்கள் உண்டு. ஆனால் இந்த வாதத்தின் கணக்குத்தான் விளங்கவில்லை. விசாவுக்காக ஏஜெண்டிடம் இலட்சக்கணக்கில் கொடுக்கக் கடன் கிடைக்கிறது. பயணத்திற்கு முந்திய விருந்துக்கும் பணம் கிடைக்கிறது. நல்ல பயிற்சிப் பள்ளியில் இரண்டு மாதம் முறையாகப் பழகுவதற்கான சில ஆயிரம் ரூபாய்க்கு மட்டும் ஏழ்மை வந்து குறுக்கே நிற்கிறதா? ஊரில் ஆயிரங்களில் முடிய வேண்டிய கல்வியை அயல்நாட்டில் திர்ஹமாகவும் ரியாலாகவும் கொட்டிக் கற்பது ஏழைக்கு ஏற்ற சிக்கனமா?

பணத்தோடு போனால் தாழ்வில்லை. அமீரகச் சட்டத்தில், சாலையில் ஓர் உயிர் போகக் காரணமானவனுக்கு விதிக்கப்படும் இரத்த ஈட்டுத்தொகை 2,00,000 திர்ஹம். நம் பணத்தில் 40 இலட்சம் ரூபாய்க்கு மேல். செல்லத்தக்க உரிமமும் காப்பீடும் இருந்தால் காப்பீட்டு நிறுவனம் செலுத்தும். உரிமமின்றி ஓட்டியவன் கதி என்ன? செலுத்திய தொகையை அந்நிறுவனம் அவனிடமே திரும்பக் கேட்கலாம். சிறைவாசம் வேறு. இவற்றையெல்லாம் விடப் பெரியது, இறந்தவரின் வீட்டில் எழும் ஓலம். அங்கேயும் ஓர் உம்மா இருக்கிறாள். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் பிள்ளையின் பிழைப்புக்காக அவர்கள் அநாதைகளாக வேண்டும் என்பது எந்த நியாயம்?

வீட்டு வாசலில்

இனி, அயல்நாட்டிலிருந்து வரும் பணம் ஊரிலே என்ன செய்கிறது என்பதையும் பேசாதிருக்க முடியாது. வாப்பா சவூதியில் பாலைவனச் சாலையில் வேகக் கட்டுப்பாட்டை மீறாமல் லாரி ஓட்டுகிறார். காமிரா பார்த்துக்கொண்டிருக்கிறது; அபராதம் சம்பளத்தை விழுங்கும் என்னும் அச்சம். அவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய மோட்டார் சைக்கிளில், பதினைந்து வயது மகன் தலைக்கவசமின்றி, பின்னால் இருவரை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கிறான். "கேட்டான், மறுக்க மனம் வரவில்லை, வாப்பா பக்கத்தில் இல்லாத பிள்ளை" என்று உம்மா கண் கலங்குகிறார். அந்தக் கண்ணீரை நாம் மதிக்கிறோம். ஆனால் பாசம் சாலையில் பிரேக் ஆகாது. 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, வயது வராத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு. அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமம் பெறவும் முடியாது. வெளிநாட்டில் ஓட்டுநராக வேண்டும் என்று கனவு காணும் வீடே, அக்கனவுக்குத் தன் கையால் பூட்டுப் போடுகிறது!

நம் கடற்கரையில் மோட்டார் வண்டியின் வயது அதிகமில்லை. 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை, இராமேஸ்வரம் தீவுக்குச் சாலை வழியே ஒரு வண்டியும் வந்ததில்லை. தோணியும் இரயிலுமே போக்குவரத்து. ஒரு தலைமுறைக்குள் சாலை அகன்றது, வேகம் வந்தது, வேகத்தோடு வர வேண்டிய ஒழுக்கம் வந்து சேரவில்லை. கடலில் இறங்க ஒழுக்கம் கற்பித்த ஊர்கள் சாலையில் இறங்க எதையும் கற்பிக்கவில்லை.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு சொல். கணவன் ஆண்டுக்கணக்கில் அயல்நாட்டில் இருக்கும் வீட்டில், நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அடுத்த வீட்டு ஆணின் உதவியை எதிர்நோக்கி நிற்கும் நிலை ஏன்? பெண்கள் வண்டி ஓட்டுவதைப் பற்றி முகம் சுளிப்போர், சவூதி அரேபியாவிலேயே 2018 ஜூன் 24 முதல் பெண்கள் சட்டப்படி ஓட்டுகிறார்கள் என்பதை நினைவிற் கொள்க. முறையாகக் கற்றுத் தலைக்கவசத்தோடு ஸ்கூட்டர் ஓட்டும் நம் சகோதரி, கற்காமல் பறக்கும் பையனைக் காட்டிலும் குடும்பத்தின் மானத்தை நன்றாகவே காப்பாள்.

மாலுமி என்னும் சொல்

நம் முன்னோர் இப்படி இருந்தவர்களல்லர். மரக்கலத்தைச் செலுத்துபவனை அவர்கள் "மாலுமி" என்றார்கள். அச்சொல் "முஅல்லிம்" என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. முஅல்லிம் என்றால் ஆசிரியர். மக்தபில் ஓதிக் கொடுப்பவருக்கும் கடலில் கலம் செலுத்துபவருக்கும் ஒரே பட்டம்! அவன் கையிலிருந்த சுக்கானும் அரபி தந்த சொல்லே. கலம் செலுத்துதல் என்பது கற்றவன் செய்யும் காரியம், கற்பிக்கத் தக்கவன் செய்யும் காரியம் என்று அச்சமுதாயம் கருதியது. அக்கருத்தே சொல்லாகி நிற்கிறது.

அக்காலத்தில் தோணியில் ஏறிய சிறுவன் முதல் நாளே சுக்கானைப் பிடித்ததில்லை. அடுப்படியில் பண்டாரியாக இருந்து சோறு பொங்கினான். பாய் கட்டவும் கயிறு முடியவும் பழகினான். வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது, சோழகம் எது என்று முகத்தில் படும் காற்றைக் கொண்டே சொல்லக் கற்றான். நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்த மீன் எந்த இடத்தில் எழுகிறது, எந்த விண்மீன் எந்தத் திசையில் நிற்கிறது என்று பல்லாண்டு பார்த்தான். பின்னரே தண்டல் அவனை நம்பிக் கலத்தை ஒப்படைத்தார். தகுதியற்றவன் கையில் சுக்கானைக் கொடுக்க, எந்தத் தரகருக்கும் எவ்வளவு பணம் தந்தாலும் எந்தத் தண்டலும் இசைந்திருக்கமாட்டார். கலத்தில் அவருடைய உயிரும் இருந்ததே! இன்றைய சாலையிலும் நம் எல்லாருடைய உயிரும் இருக்கிறது. இதை மறந்ததுதான் நம்மவரின் வீழ்ச்சி.

செய்ய வேண்டுவன

குறை சொல்லி நிறுத்துவது எளிது. நம் ஜமாஅத்துகளின் முன்னே சிலவற்றை வைக்கிறோம்.

ஓட்டுநர் விசாவில் போக இருக்கும் எந்தப் பிள்ளையையும், ஊரில் ஓராண்டேனும் மெய்யாக வண்டி ஓட்டிய அனுபவமின்றி அனுப்ப வேண்டாம். சரக்கு வண்டியில் உதவியாளனாக உட்கார்ந்து போய் வரட்டும், இரவில் ஓட்டட்டும், மழையில் ஓட்டட்டும், பின்னர் விமானம் ஏறட்டும்.

பள்ளி விடுமுறையில் நடக்கும் மார்க்க வகுப்புகளோடு, பயணம் போவோர்க்கென்று ஒரு வகுப்பும் நடக்கட்டும். சாலைக் குறிகள், பேச்சு அரபி, எளிய ஆங்கிலம், வேலை ஒப்பந்தத்தைப் படிக்கும் முறை ஆகியவை அதில் இடம் பெறட்டும். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகும் அபாயத்தை அங்கே எடுத்துச் சொல்லட்டும். பாஸ்போர்ட்டைப் பிறர் பிடித்து வைப்பதை அமீரகச் சட்டமே தடுக்கிறது என்பதையும், குடிபெயர்வு அனுமதி பெற்று முறையாகச் செல்லும் தொழிலாளிக்கு விபத்து மரணத்திற்கு 10 இலட்சம் ரூபாய்க் காப்பீடு உண்டு என்பதையும் கற்பிக்கட்டும். ஆசிரியருக்கு எங்கும் தேட வேண்டியதில்லை. இருபதாண்டு முப்பதாண்டு அங்கே ஓட்டித் திரும்பிய சபுராளிகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். திண்ணையில் பொழுது போக்கும் அவர்களை வகுப்பறையில் நிறுத்தினால், மாலுமி என்னும் பட்டம் அவர்களுக்கு முழுப் பொருளில் பொருந்தும்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு வண்டிச் சாவி கொடுக்கும் வீட்டாரை ஜமாஅத் அழைத்துப் பேசட்டும். திருமணத்தில் வரதட்சணைக்கு எதிராகக் குரல் எழுப்பிய பெரியவர்களுக்கு இது கடினமான காரியமன்று. மாப்பிள்ளை பார்க்கப் போகும் பெண் வீட்டாரும், "என்ன விசா?" என்று முதலில் கேட்பதை விட்டு, "என்ன தொழில் தெரியும்?" என்று கேட்கட்டும். கேள்வி மாறினால் பிள்ளைகளின் முயற்சியும் மாறும்.

அயல்நாட்டான் என்னும் பெயர் இழிவானதன்று. நம் மூதாதையர் அப்பெயரோடுதான் கடல்கள் பலவற்றைக் கடந்தனர். போன இடமெல்லாம் நம்பிக்கைக்குரியோர் என்று பெயரெடுத்தனர். அந்த நம்பிக்கையே அவர்களுக்குக் கடவுச் சீட்டாக இருந்தது. இன்று நம் பிள்ளை அயல்நாட்டுத் தேர்வாளரின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வண்டியைக் கிளப்பும்போது, அவன் ஒருவன் மட்டும் சோதிக்கப்படவில்லை. அவனுக்கு உரிமம் வாங்கித் தந்த வீடும், பேசாதிருந்த ஊரும் சேர்ந்தே சோதிக்கப்படுகின்றன. இவ்வாண்டு விடுமுறையில் நம் ஊர்களில் ஒன்றிலேனும் அத்தகைய வகுப்பு ஒன்று தொடங்குமானால், அங்கிருந்து புறப்படும் முதல் பிள்ளை அந்தச் சிவந்த பலகையைக் கண்டு நிற்பான். நின்று, இருபுறமும் பார்த்து, பின்னர் போவான். உயிரோடு ஊர் திரும்பவும் செய்வான், இன்ஷா அல்லாஹ்.